மூணு ஆறு கூடுற ஊர்ல 15 படுக்கை ஆஸ்பத்திரி

1/
ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, தமிழ்நாட்டு ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி எப்படி நடந்தது? எத்தனை படுக்கை, எத்தனை ஸ்டாஃப், யாருக்கு எவ்வளவு சம்பளம், நோயாளிக்கு என்ன சாப்பாடு? இதுக்கெல்லாம் கல்லிலேயே பதில் இருக்கு. கொஞ்சம் நீளமான இழைதான். பொறுமையா படிங்க மக்களே.

2/
ஸ்ரீரங்கத்தில் இருந்து ஆரம்பிப்போம். எங்க வையம்பட்டி, மணப்பாறைப் பக்கம் மானாவாரி பூமி. நாலு பக்கமும் தண்ணீர் ஓடுற காட்சியைப் பார்க்கணும்னா திருச்சி பஸ் ஏறணும். முக்கொம்பில் காவிரி ரெண்டா பிரியுது. ஒண்ணு காவிரி, இன்னொண்ணு கொள்ளிடம். நடுவில் தீவு மாதிரி ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும்.

அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு காலைப்பொழுது நின்னு பாருங்க. திதி கொடுக்கிறவங்க, குளிக்கிறவங்க, தலையைத் துவட்டிக்கிட்டே கோயிலுக்கு நடக்கிறவங்க. ஆடி பதினெட்டுன்னா புதுத் தாலிக்கயிறு மாத்துற பொண்ணுங்க கூட்டம். இந்த அன்றாடக் காட்சி பல நூறு வருஷமா நடக்குது.

3/
அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி கோயிலுக்குள் தேடிப் போற இடம் தன்வந்திரி சன்னதி. ஆபரேஷன் தேதி குறிச்சவங்க, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவங்க, நாள்பட்ட நோய்க்காரங்க.

அது ஏதோ ஒரு துணைச் சன்னதின்னு நினைச்சுக் கடந்து போயிடுறோம். ஆனா அங்கே ஒரு காலத்தில் நிஜமாகவே ஆஸ்பத்திரி இருந்தது. கல்வெட்டுச் சொல்லில் 'ஆரோக்கியசாலை'.

4/
சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ல் வெட்டின ஸ்ரீரங்கம் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சீனிவாசன் என்ற கருடவாகன பட்டர், சிதைஞ்சு கிடந்த ஆரோக்கியசாலையைத் திரும்ப எடுத்துக் கட்டி, அதில் தன்வந்திரி எம்பெருமானைப் பிரதிஷ்டை செய்தார் என்று சொல்லுது.

அந்த ஆரோக்கியசாலை முதலில் ஏற்பட்டது 1257-ல். சமயபுரம் பக்கத்து கண்ணனூரில் இருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் வீர ராமநாதனின் அதிகாரி சிங்கண தண்டநாயகன் ஏற்படுத்தினது. அப்பவும் மருத்துவப் பொறுப்பு கருடவாகன பண்டிதர் என்ற பெயருடைய வைத்தியரிடம்தான். 236 வருஷ இடைவெளியில் அதே பட்டப்பெயர், அதே தொழில்.

5/
நடுவில் என்ன ஆச்சு? 1323-ல் டெல்லி சுல்தானகப் படை ஸ்ரீரங்கம் வந்தது. உற்சவர் விக்கிரகம் ஊரைவிட்டே போய், 1371-ல்தான் திரும்பி வந்தது. சாமியே ஊரில் இல்லாத காலத்தில் ஆஸ்பத்திரி மட்டும் எப்படி ஓடியிருக்கும்?

சரி, அந்த ஆரோக்கியசாலையின் உள்ளே அன்றாடம் என்ன நடந்தது? எத்தனை பேர் படுத்திருந்தாங்க? அதைத் தெரிஞ்சுக்கணும்னா காவிரியை விட்டுட்டு வடக்கே, இன்னும் பழைய ஓர் ஆற்றங்கரை ஊருக்குப் போகணும்.

6/
ஊர் பேரு திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். அதான் முக்கூடல். எதிர்க்கரையில் பழைய சீவரம் மலை. மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் வந்து, ஆற்றைக் கடந்து இந்த ஊருக்கு வருவார். சுத்துப்பட்டு ஊர்ப் பெருமாள்களும் வந்து சேர, ஆற்று மணல் முழுக்க ஜனம்.

மத்த நாளில் அமைதியான சின்ன ஊர். ஆற்றோரம் ஒரு வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயில் சுவரில்தான் நம்ம கதை இருக்கு.

7/
கல்வெட்டு வீரராஜேந்திர சோழன் காலத்தது. அவர் ஆட்சி 1063 முதல் 1070 வரை. இது 1068-ஐ ஒட்டி வெட்டினது. ஆரம்பத்தில் ராஜாவின் போர் வெற்றிகளெல்லாம் வரிசையா வரும். சாளுக்கியர்களைக் கூடல்சங்கமத்தில் ஜெயிச்ச பெருமை உட்பட. அதுவும் ஆறுகள் கூடுற ஊர்தான், துங்கபத்திரைப் பக்கம்.

போர்ப் பெருமை முடிஞ்சதும் கல்வெட்டின் குரலே மாறிடும். அப்படியே ஒரு பட்ஜெட் பேப்பர்! இத்தனை கலம் நெல், இத்தனை காசு, இந்த வேலைக்கு இத்தனை பேர்.

8/
அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு கல்லூரி, ஒரு விடுதி, ஓர் ஆஸ்பத்திரி. கல்லூரி நடந்த இடம் ஜனநாத மண்டபம். அதைக் கட்டினவர் மாதவன் தாமயன் என்ற வணிகர். வேதம், இலக்கணம், ஆகமம் படிக்கிற மாணவர்களுக்குச் சாப்பாடு உண்டு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய்கூட ஒதுக்கியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை காலை, விடுதிப் பசங்க உடம்பெல்லாம் எண்ணெயோட பாலாற்றுக்கு ஓடுறாங்க. ராஜாவின் புகழுக்குப் பக்கத்திலேயே இந்தக் காட்சிக்கான செலவும் கல்லில் ஏறியிருக்கு. எனக்கு இந்தக் கல்வெட்டில் ரொம்பப் பிடிச்ச வரவு செலவு இதுதான்.

9/
ஆஸ்பத்திரிக்கு வருவோம். பேரு 'வீரசோழன் ஆதுலசாலை'. ஆதுலர்னா நோயாளிகள். படுக்கை 15. இனி ஸ்டாஃப் லிஸ்ட்:

• வைத்தியர் 1
• சல்லியக் கிரியை பண்ணுபவர், அதாவது சர்ஜன் 1
• மூலிகை கொண்டு வந்து, விறகு போட்டு, மத்த வேலையும் பார்க்கிறவங்க 2
• மருந்து காய்ச்சிக் கொடுத்து நோயாளியைக் கவனிக்கிற பெண்கள் 2
• நாவிதர் 1
• தண்ணீர் ஊத்துபவர் 1

இன்னைக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்து போஸ்ட் லிஸ்டைப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், பார்மசிஸ்ட், ஆஸ்பத்திரிப் பணியாளர். எலும்புக்கூடு அப்படியே இருக்கு!

10/
'சல்லியம்'னா உடம்பில் தைத்த பொருள். அம்பு முனை, முள், சிம்பு. அதை எடுக்கிற வேலைதான் சல்லியக் கிரியை. இன்னைக்கும் கிராமத்து ஓபியில் தினமும் நடக்கிறது இதுதான். கருவேல முள், ஆணி, கண்ணாடிச் சில்லு. ஆயிரம் வருஷத்தில் அம்பு மட்டும்தான் லிஸ்டில் இருந்து போயிருக்கு.

11/
இப்போ சம்பளம். வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், கூடவே 8 காசு. பேரு கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். வேலை பரம்பரை உரிமை. சர்ஜனுக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம்.

ஆமா, பொது மருத்துவருக்கு 90, சர்ஜனுக்கு 30. என் சர்ஜன் நண்பர்கள் இந்த இழையைப் படிக்காம இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

12/
90 கலம்னா எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். அப்போ ஒரு கலம் 96 நாழி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வழக்கமா வர்ற கணக்கு, 5 பங்கு நெல் குத்தினா 2 பங்கு அரிசி.

ஆதுலசாலை நோயாளி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. அந்த அளவுகோலில் பார்த்தா வைத்தியர் சம்பள நெல்லில் 9 பேர் வருஷம் முழுக்கச் சாப்பிடலாம். சர்ஜன் சம்பளத்தில் 3 பேர். நாவிதர் சம்பளத்தில் ஒண்ணரை ஆள்.

13/
அதைவிட முக்கியமான கணக்கு இது. 15 படுக்கையும் வருஷம் பூரா நிரம்பியிருந்தா, நோயாளிச் சாப்பாட்டுக்கு மட்டும் சுமார் 142 கலம் நெல் வேணும். வைத்தியர் சம்பளத்தைவிட ஒண்ணரை மடங்குக்கும் மேல!

அதாவது நெல் கணக்கில் பார்த்தா டாக்டரைவிட நோயாளியின் சோறுதான் பெரிய செலவு. காசநோயாளிக்கு மாத்திரையோட சத்தான சாப்பாடும் வேணும்னு இன்னைக்கு நாங்க தொண்டை கிழியச் சொல்றோம். ஊட்டச்சத்துக்குன்னு அரசே மாசாமாசம் பணம் கொடுக்குது. அந்தப் புரிதல் 1068-லேயே ஒரு நாழி அரிசியா கல்லில் இருக்கு.

14/
மருந்துக் கிடங்கையும் பார்த்துடுவோம். ஒரு வருஷத்துக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகள்னு சுமார் 20 பேர் வருது. சிலது மட்டும்:

• வாசா ஹரீதகி: ஆடாதோடையும் கடுக்காயும்
• பில்வாதி கிருதம்: வில்வம் சேர்த்த நெய்
• மண்டூர வடகம்: இரும்புத் துரு சேர்ந்தது
• சுநேத்ரி: பேரிலேயே கண் இருக்கு
• கல்யாண லவணம்: உப்பு சேர்ந்த மருந்து
• தைல வகைகள்: ஆமணக்கு, பூண்டு சேர்ந்தது உட்பட

ஆயுர்வேத மரபில் ஆடாதோடை இருமலுக்கு, வில்வம் வயிற்றுப்போக்குக்கு, மண்டூரம் ரத்தசோகைக்கு.

15/
ஒரு டாக்டரா இந்த லிஸ்டைப் படிச்சா அந்த ஊரோட ஓபியே கண் முன்னாடி வருது. இருமல், சளி. ஆற்றுத் தண்ணி குடிச்சு வயிற்றுப்போக்கு. வெளிறிப்போன முகங்கள். கண் நோய். மூட்டு வலி. இன்னைக்குக் காலையில் வந்தவங்களும் இவங்கதான். கூட பிபி, சுகர் மட்டும் சேர்ந்திருக்கு.

ஆனா ஒரு விஷயம். அந்த மருந்துகளை அப்படியே இன்னைக்கு வீட்டில் செய்து சாப்பிடலாமான்னு கேட்காதீங்க. வேண்டாம். இது வரலாற்று இழை, பிரிஸ்கிரிப்ஷன் இல்லை.

16/
இன்னொரு சின்ன ஒதுக்கீடு. ராத்திரி எரிய ஒரு விளக்கும் அதுக்கு எண்ணெயும்.

நைட் டூட்டி பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். நோயாளி மோசமாகிறது பெரும்பாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான். அப்போ வெளிச்சம் வேணும், தண்ணி வேணும், கூப்பிட்டா எழுந்து வர ஆள் வேணும். இந்தக் கல்வெட்டை எழுதினவங்களுக்கு யாரோ ஒரு வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்துச் சொல்லியிருக்கணும். வார்டில் நிக்காத ஆளுக்கு விறகும் விளக்கும் தோணாது.

17/
இங்கே நிறுத்தி, 'உலகின் முதல் மருத்துவமனை தமிழனுடையது'ன்னு வாட்ஸ்அப்பில் அனுப்பிடாதீங்க. அது உண்மை இல்லை.

கி.மு. 3-ம் நூற்றாண்டிலேயே அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனுஷங்களுக்கும் கால்நடைகளுக்கும் சிகிச்சை ஏற்பாடு பத்திப் பேசுது. அதில் சோழர், பாண்டியர் நாடுகளின் பேரும் வருது. இலங்கை மிகிந்தலையில் 9-ம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் இடிபாடு இருக்கு. நோயாளியை மருந்து நீரில் படுக்க வைக்க மனுஷ உருவத்தில் குடைஞ்ச கல் தொட்டியோட. நம்ம ஊரிலேயே ராஜராஜனின் அக்கா குந்தவை தஞ்சாவூரில் அப்பா பேரில் ஆதுலசாலைக்கு நிலம் கொடுத்தது திருமுக்கூடலுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி.

திருமுக்கூடலின் பெருமை முதலிடத்தில் இல்லை. அது எழுதி வெச்சிருக்கிற விவரத்தில் இருக்கு.

18/
விவரம் இவ்வளவு இருக்கிறதால்தான் இன்னொரு கேள்வியும் கேட்க முடியுது. இந்த லிஸ்டில் யார் இல்லை?

முதலில், மருத்துவச்சி இல்லை. பிரசவத்துக்குன்னு ஓர் ஆள், ஓர் இடம், ஒரு ஒதுக்கீடு எதுவும் இல்லை. மூணு ஆறு கூடுற அந்த ஊரிலும் பெண்கள் பிள்ளை பெத்திருப்பாங்க. ரத்தப்போக்கில் செத்திருப்பாங்க. அது வீட்டுக்குள்ள நடந்த விஷயம். கல்லில் ஏறலை.

19/
ரெண்டாவது, யாருக்கான ஆஸ்பத்திரி? இது கல்லூரி மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான ஆதுலசாலைன்னுதான் ஆய்வாளர்கள் வாசிக்கிறாங்க.

செலவு எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்ற ஊரின் வரி வருமானத்தில் இருந்து. அந்த ஊர்க்காரங்க உழுது, அறுத்து, அளந்து கொடுத்த வரிதான் 15 படுக்கைக்கும் சோறு போட்டது.

வயலைக்காவூர் உழவருக்குக் காய்ச்சல் வந்தா அந்தப் படுக்கையில் இடம் உண்டா? கல்வெட்டில் அதுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. இவ்வளவு விவரமா எழுதினவங்க, எண்ணெய்க் குளியலைக்கூட விடாதவங்க, இதை எழுதலை.

20/
'அந்தக் காலத்தில் அப்படித்தான்'னு சொல்லிட முடியாது. ஸ்ரீரங்கம் ஆரோக்கியசாலை ஏற்பட்ட அதே சமயத்தில், 1261-ல், ஆந்திராவில் கிருஷ்ணா நதிப் பக்கம் ஒரு கல்வெட்டு வெட்டினாங்க. மல்காபுரம் கல்வெட்டு. காகதீய ராணி ருத்ரமதேவி காலம். விசுவேசுவர சிவாச்சாரியார் நடத்தின மடத்துக்கான தர்மம்.

அதில் 'ஆரோக்கியசாலை'யோட 'பிரசூதிசாலை'யும் வருது. பிரசவ வார்டு! அங்கே அன்னதானமும் எல்லாச் சாதிக்காரங்களுக்கும்னு எழுதியிருக்கு. ஆட்சியில் ஒரு பெண் இருந்ததால் பிரசவ வார்டு வந்ததான்னு என்னால் சொல்ல முடியாது. ஆனா 13-ம் நூற்றாண்டில் அப்படி யோசிக்க முடிஞ்சது, செய்யவும் முடிஞ்சதுங்கறது உறுதி.

21/
இப்போ ஒரே தாவலா 1946-க்கு வருவோம். போர் கமிட்டி அறிக்கை. தலைவர் பேரு ஜோசப் போர். சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்னு அது சொன்ன ஸ்டாஃப் லிஸ்டில் டாக்டர் 2, பொதுச் சுகாதார நர்ஸ் 4, மருத்துவச்சி 4, பயிற்சி பெற்ற தாய்மார் உதவியாளர் 4, பார்மசிஸ்ட் 1, இன்னும் பலர்.

திருமுக்கூடல் லிஸ்டையும் இதையும் பக்கத்தில் வைங்க. 878 வருஷம் கழிச்சு, விட்டுப்போன பேர் சேர்ந்திருக்கு. அதுவும் லிஸ்டின் நடுவில். 1952 முதல் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வர ஆரம்பிச்சது.

22/
தமிழ்நாடு அதை இன்னும் தூரம் கொண்டு போச்சு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. எந்தக் குக்கிராம ஆஸ்பத்திரியிலும் அத்தியாவசிய மருந்து இருக்கணும்னு மொத்தமா வாங்கி, கிடங்கில் வெச்சு, பகிர்ந்து கொடுக்கிற ஏற்பாடு. திருமுக்கூடலின் ஒரு வருஷ மருந்து லிஸ்ட், மாநிலம் முழுக்க விரிஞ்ச மாதிரி.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்குது. கல்லில் ஏறாம போன அந்தப் பெண்களுக்கு நாம சொல்ற பதில் இதுதான்.

23/
எல்லாத்துக்கும் மேல ஒரு மாற்றம். இன்னைக்கு அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டில் பேரு, வயசு, ஊர் எழுதுவாங்க. நீ கோயில் வேலைக்காரனா, மாணவனா, என்ன சாதின்னு கேட்டு உள்ளே விடுறதில்லை. வயலைக்காவூர் உழவர் இன்னைக்கு வந்தா அவரும் வரிசையில் நிப்பார். வரிசை நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த வரிசையில் நிக்கிற உரிமை சும்மா வந்தது இல்லை.

24/
அப்போ ஸ்ரீரங்கம் நமக்கு என்ன சொல்லுது? கட்டினா மட்டும் ஆஸ்பத்திரி நிக்காதுன்னு சொல்லுது. 1257-ல் கட்டினதை 1493-ல் ஒருத்தர் திரும்ப எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. இடையில் நோயாளிகள் இல்லாம போகலை. கவனிக்கிற ஏற்பாடுதான் போச்சு.

ஓர் ஆஸ்பத்திரியை மூடப் படையெடுப்பே தேவையில்லை. ஒரு போஸ்ட் காலியா இருக்கட்டும், அந்த வேலையை இன்னொருத்தர் தலையில் போடு. அடுத்த போஸ்டும் காலியாகட்டும். சர்ஜன் இல்லை, அனுப்பு. நர்ஸ் குறைவு, அனுப்பு. கொஞ்ச நாளில் கட்டடம் பளபளன்னு நிக்கும், நோயாளி 108-ல் அடுத்த ஊருக்குப் போய்க்கிட்டு இருப்பார். சோழர் கால லிஸ்டில் தண்ணீர் ஊத்துறவருக்கும் ஒரு வரி ஒதுக்கினது அலங்காரத்துக்கு இல்லை. அவர் வரலேன்னா வைத்தியராலும் ஒண்ணும் பண்ண முடியாது.

25/
அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, அங்கே எத்தனை போஸ்ட் அனுமதிச்சிருக்காங்க, எத்தனை பேர் இருக்காங்க, என்ன மருந்து இருக்குன்னு கேளுங்க. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் நோயாளர் நலச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. அது கூடுதான்னு விசாரிங்க.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் ரோடு, தெருவிளக்கோட சேர்த்து இதையும் கேளுங்க. டாக்டரைத் திட்டச் சொல்லலை. காலி இடத்தைக் கணக்கெடுக்கச் சொல்றேன்.

26/
ஸ்ரீரங்கம் போனா தன்வந்திரி சன்னதியில் ஒரு நிமிஷம் கூட நில்லுங்க. காஞ்சிபுரம் பக்கம் போனா திருமுக்கூடலுக்கு ஓர் எட்டு போய்ட்டு வாங்க. சுவரில் இருக்கிற எழுத்தை நம்மால் வாசிக்க முடியாது. ஆனா அதில் 15 நோயாளிகளின் சோறும், ரெண்டு நர்ஸம்மாக்களின் உழைப்பும், ராத்திரி விளக்கின் எண்ணெயும் இருக்குன்னு தெரிஞ்சு பார்க்கிறது வேற.

அந்த விளக்குக்கு எண்ணெய் கொடுத்த வயலைக்காவூருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க.

உங்க ஊர்க் கோயில் கல்வெட்டில் வைத்தியர், மருத்துவச்சி, நாவிதர், தண்ணீர் ஊத்துறவர் யாராவது இருந்தா கீழே எழுதுங்க. எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம்.